கோட்டைக்கு ஓட்டுப் போட்டார்கள், சத்திரத்தில் ஆடுகிறார்கள்: ஆதரவாளர்களிடம் என்னதான் கேட்பது?

பாரமகால் பேனா | கிருஷ்ணகிரி

வணக்கம். கொஞ்சம் நீளமான புலம்பல், டீயை எடுத்துக்கொண்டு வந்து உட்காருங்கள்.

என்னைத் தெரியாதவர்களுக்கு: பகலில் வீட்டு பிளான் போடுகிற வேலை. ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் அதே நாற்காலியில், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் வகையறா மேசை விளையாட்டுகளுக்கு, அதாவது ஒருவர் கதை நடத்த மற்றவர்கள் வீரர்களாகப் பகடை உருட்டி ஆடுவதற்கு, கட்டம் போட்ட சண்டை மேப் வரைகிறேன். மாதம் இரண்டு மேப். மாதாமாதம் பணம் கட்டி ஆதரிக்கும் தளமான பேட்ரியானில் 63 பேர் கை கொடுக்கிறார்கள். கரண்ட் பில்லும் சாப்ட்வேர் செலவும் போக, மாதக் கடைசியில் பிரியாணிக்குக் கொஞ்சம் மிஞ்சும்.

மார்ச்சில் அவர்களிடம் ஒரு வாக்கெடுப்பு வைத்தேன். அடுத்து என்ன வரையட்டும்? மலைக்கோட்டை, அருவிக்கரை, புளியமரச் சாலையோரச் சத்திரம், நடுகல் மேடு என்று நாலு தேர்வு. 63 பேரில் 19 பேர் ஓட்டுப் போட்டார்கள். அதில் 11 கோட்டைக்கு. சத்திரத்துக்கு 2.

எனக்கு ஒரே குஷி. கோட்டைக்கு நம் ஊரில் பஞ்சமா? பாரமகால் என்ற பெயரே பன்னிரண்டு கோட்டைகளை வைத்து வந்தது என்பார்கள். ராயக்கோட்டை மலைக்கு இரண்டு ஞாயிற்றுக்கிழமை ஏறி இறங்கினேன். கட்டிய மதில் எங்கே நின்று பாறையே மதிலாக மாறுகிறது, சுனை எங்கே, படி எங்கே வளைகிறது என்று எல்லாவற்றையும் நோட்டில் குறித்தேன். மூன்று வாரம் ராத்தூக்கம் போச்சு. 60க்கு 80 கட்டம். நான் வரைந்ததிலேயே அழகான மேப் அதுதான், இப்போதும் சொல்வேன்.

போன மாதம் எல்லோருக்கும் ஒரே வரியில் மடல் போட்டேன்: ‘என் மேப்பில் எதையெல்லாம் மேசையில் ஆடினீர்கள்?’ 14 பேர் பதில் சொன்னார்கள். கோட்டையை ஆடியவர் ஒரே ஒருவர். அவரும் வாசல் பக்கத்தை மட்டும் வெட்டி எடுத்துக்கொண்டாராம். கோட்டை தாமதமானதற்கு மன்னிப்பாக ஒரே ராத்திரியில் கிறுக்கி இலவசமாகப் போட்ட சத்திரம் இருக்கிறதே, 22க்கு 28 கட்டம், அதை 8 பேர் ஆடியிருக்கிறார்கள். ஒருவர் மூன்று தடவை.

இனி வாக்கெடுப்பே வைக்க வேண்டாமா? வைத்தால் எப்படி வைப்பது? மனசு விட்டுப் போச்சு. யோசனை சொல்லுங்கள்.

பகடை உருட்டி

60க்கு 80ஆ? அண்ணா, அது மேப் இல்லை, புலப்படம். பட்டா எண் போட்டீங்களா?

கிளிமூக்கு மாங்கா | பழையபேட்டை

அந்தப் பதினொன்றில் நானும் ஒருவன். மன்னித்துவிடுங்கள் அண்ணா. முன்னோட்டப் படத்தில் பாறை மேல் மதில் ஏறுகிற அழகைப் பார்த்தேன், கை தானாக அழுத்திவிட்டது. நான் நடத்தும் கதையில் கோட்டை வருகிறதா என்று யோசிக்கவே இல்லை. வரவில்லை.

இறக்கியவுடன் ஆடிப் பார்க்கலாம் என்றுதான் இருந்தேன். எங்கள் மாடியில் ஞாயிறு சாயங்காலம் நாலு பேர், மூன்று மணி நேரம். ஒரு முறைக்கு 30 அடி நகரும் ஆள் 6 கட்டம் போவான். கோட்டையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு 80 கட்டம். நடந்தால் 14 சுற்று, ஓடினாலும் 7. அதற்குள் பஜ்ஜி ஆறிப்போய், ஒருத்தன் போனை எடுத்துவிடுவான்.

அச்சு இன்னொரு கூத்து. ஒரு கட்டம் ஒரு அங்குலம் என்று போட்டால் 5 அடிக்கு 6 அடி 8 அங்குலம். பிளக்ஸ் கடையில் அளவைச் சொன்னதும் ‘காதுகுத்தா, கல்யாணமா?’ என்றுதான் கேட்டார். அப்படியே திரும்பி வந்துவிட்டேன். உங்கள் சத்திரம் ஏ3 தாள் நாலில் அடங்கிவிடுகிறது. பக்கத்திலிருக்கும் ஜெராக்ஸ் கடையில் எடுத்து, செலோடேப் போட்டு ஒட்டினால் முடிந்தது வேலை.

அந்த மூன்று தடவை ஆடியவன் நான்தான்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

தம்பி, பல வருடமாகக் கேள்வித்தாள் தயாரிக்கிறவள் சொல்கிறேன், கேள்வி எப்படியோ பதிலும் அப்படித்தான். எட்டாம் வகுப்பில் போய் ‘சுற்றுலா எங்கே போகலாம்?’ என்று கேட்டுப் பாருங்கள். ஊட்டி என்று கூரை பறக்கக் கத்துவார்கள். ‘சரி, யார் யார் நாளைக்குப் பணம் கொண்டுவருவீர்கள்?’ என்று கேட்டால் ஒகேனக்கல்தான் போய்ச் சேருவோம். பிள்ளைகள் பொய் சொல்லவில்லை. இரண்டும் வேறு வேறு கேள்வி.

‘எது பிடிக்கும்?’ என்று கேட்டீர்கள், பிடித்ததைச் சொன்னார்கள். உங்களுக்குத் தெரிய வேண்டியது அதுவா? ‘கடைசியாக ஆடியபோது எந்த இடத்துக்கு மேப் இல்லாமல் திண்டாடினீர்கள்?’ என்பதுதானே? நடந்ததைக் கேளுங்கள். நடந்ததைச் சொல்வதற்கு யாரும் கற்பனை பண்ண வேண்டியதில்லை. வரப்போவதைக் கேட்டால் எல்லோரும் ராஜாதான்.

இன்னொன்று. 63ல் 19 பேர் பேசினார்கள். மீதி 44 பேர் யார் என்று யோசித்தீர்களா? எனக்குத் தெரிந்து ஆதரவாளர்களில் மூன்று ரகம் உண்டு. வாராவாரம் கதை நடத்துகிறவர்கள் ஒரு ரகம். அவர்களுக்கு வெள்ளிக்கிழமை ராத்திரிதான் மேப் ஞாபகம் வரும், வாக்கெடுப்பெல்லாம் கண்ணிலேயே படாது. படம் சேர்க்கிறவர்கள் ரெண்டாவது. ஆட மாட்டார்கள், ஆனால் அழகாக இருந்தால் முதல் ஓட்டு அவர்களுடையது. மூன்றாவது, நம்ம பையன் வரைகிறான் என்று பாசத்துக்குப் பணம் கட்டுகிறவர்கள். நான் அந்த ரகம், ஒளிக்க ஒன்றுமில்லை. எங்கள் வீட்டில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆடினாலே அதிகம். நானும் கோட்டைக்குத்தான் போட்டேன்.

இந்த மூன்று பேரும் ஒரே பெட்டியில் ஓட்டுப் போட்டால் எண்ணிக்கையில் என்ன தெரியும்?

பாரமகால் பேனா

அக்கா, சரியான அடி. ஆனால் ஒரு சங்கடம். பணம் கொடுக்கிறவர்களுக்கு ஓட்டு என்பது ஒரு மரியாதை. அதை எடுத்துவிட்டால் ‘எங்களைக் கேட்காமலே வரைகிறான்’ என்று கிளம்பிவிடுவார்களோ என்ற பயம் இருக்கிறது. சேர்க்கிறவர்கள் என்று நீங்கள் சொன்ன ரகத்தில்தான் மாதம் அதிகம் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

ஓட்டை எடுக்கச் சொல்லவில்லை. இடத்தை மாற்றுங்கள் என்கிறேன். என்ன வரைவது என்பதற்கு ஓட்டு வேண்டாம். வரைந்ததற்கு என்ன வண்ணம், மழைக்காலமா வெயில்காலமா, சத்திரத்து முற்றத்தில் கிணறா துளசி மாடமா, இதற்கெல்லாம் தாராளமாக ஓட்டு வையுங்கள். சேர்க்கிறவர்களுக்கு அதுதான் சந்தோஷம். வீடு கட்டும்போது மாமியாரிடம் பெயிண்ட் கலர் கேட்பதில்லையா? அஸ்திவாரத்தை யாரிடமும் கேட்பதில்லையே.

பகடை உருட்டி

அக்கா மாமியார் இந்த இழையைப் படிக்காமல் இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன்.

நெடுமான் | அதியமான்கோட்டை

எல்லோரும் கேள்வி எப்படி கேட்பது என்றே பேசுகிறீர்கள். நான் கசப்பானதைச் சொல்கிறேன். உங்கள் 63ல் உள்ளூர்க்காரர்கள் எத்தனை பேர்? மிஞ்சிப்போனால் பத்துப் பதினைந்து. மற்றவர்களெல்லாம் வெளிநாடு. சத்திரம் ஜெயித்தது புளியமரத்துக்காக இல்லை. வழிப்போக்கர் தங்கும் விடுதி எந்த நாட்டுக் கதையிலும் வரும், அதனால்தான். நடுகல் மேட்டை ஓஹையோவில் இருப்பவன் என்ன செய்வான்? நடுகல் என்றால் என்ன என்று விளக்கவே அவனுக்கு ஒரு செஷன் போய்விடும்.

1974இல் அந்த விளையாட்டு வந்ததிலிருந்து அவர்களுக்கு வேண்டியது குகை, விடுதி, கல்லறை. அதை வரைந்து கொடுங்கள், ஆதரவு கூடும். ஊர்ப்பாசத்துக்கு வேறு இடம் இருக்கிறது.

பாரமகால் பேனா

63ல் 48 பேர் வெளிநாடு, உண்மைதான் நெடுமான்.

உள்ளூர் ஆள் குறைவதற்குக் காரணம் ஆர்வம் இல்லாதது அல்ல. 2021 அக்டோபரில் மாதாமாதம் கார்டில் தானாகப் பணம் பிடிக்கும் விதி மாறிய பிறகு, பலருக்குக் கட்டணம் பாதியில் நின்றுவிட்டது. அப்புறம் திரும்பி வரவில்லை. 12 பேர் எனக்கு யூபிஐயில் அனுப்பி, வாட்ஸாப்பில் மேப் வாங்கிக்கொள்கிறார்கள்.

இதை எழுதும்போதுதான் உறைக்கிறது: அந்த 12 பேருக்கு என் வாக்கெடுப்பு போகவே இல்லை. மாங்கா அண்ணன் தம்பிகள் மாதிரி அச்செடுத்து ஆடுகிறவர்கள் அவர்களில்தான் அதிகம்.

பரிசல் சுற்றி | பென்னாகரம்

நான் பணம் கட்டுகிறவன் இல்லை, அருவி மேப் இலவசமாக வந்தபோது எடுத்தேன். ஆனால் அதில் ஒரு தப்பு இருக்கிறது, யாருமே சொல்லவில்லை, அதனால் சொல்கிறேன். தப்பாக எடுத்துக்காதீங்க.

பரிசலை ஒரு கட்டத்துக்குள் அடைத்து வரைந்திருக்கிறீர்கள். ஒரு கட்டம் 5 அடி. எங்கள் ஒகேனக்கல் பரிசல் குறுக்களவு ஏழு அடிக்குப் பக்கம். ஒரு கட்டத்தில் அடங்காது, இரண்டுக்கு இரண்டு கட்டம் போட வேண்டும். உங்கள் மேப்பில் நாலு பேரை ஏற்றினால், ஆளுக்கு வைக்கிற டோக்கன் ஒன்றின் மேல் ஒன்று ஏறி உட்காருகிறது.

அதைவிடப் பெரிய விஷயம், படகு மாதிரி ஒரு பக்கம் கூராக வரைந்திருக்கிறீர்கள். பரிசலுக்கு மூக்கும் கிடையாது, வாலும் கிடையாது. மூங்கில் பின்னி, அடியில் பிளாஸ்டிக் சாக்கு ஒட்டி, தார் பூசிய வட்டம். துடுப்பு ஒன்றுதான். பரிசல்காரர் முன்னால் உட்கார்ந்து தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து இழுத்துப் போவார். இழுப்பதை நிறுத்தினால் அது பாட்டுக்குச் சுற்றும். எங்கள் மேசையில் என்ன செய்தோம் தெரியுமா? ஒவ்வொரு சுற்றுக்கும் எட்டு முகப் பகடை உருட்டினோம், பரிசல் எந்தப் பக்கம் திரும்பி நிற்கிறது என்பதற்கு. வில்லாளிக்கு எதிரி முதுகுப்பக்கம் போய்விட்டான். அன்றைக்கு மாதிரி நாங்கள் சிரித்ததே இல்லை.

அப்புறம் தண்ணீர் முழுக்க ஒரே நீலம். எங்கே இறங்கி நடக்கலாம், எங்கே ஆள் முழுகும் என்று தெரியவில்லை. ரெண்டு மணி நேரத்தில் ஆறு தடவை ‘இங்கே ஆழமா?’ என்று கேட்டார்கள். ‘ஆமாம்’ என்று ஒரு தடவையும் ‘இல்லை’ என்று ஒரு தடவையும் மாற்றிச் சொல்லி மாட்டிக்கொண்டேன்.

எங்களிடம் நீர்வரத்து கூடினால் பரிசல் ஓட்டத் தடை போட்டுவிடுவார்கள். வெயில்காலத்தில் பார்த்த பாறை எதுவும் அப்போது வெளியில் தெரியாது. ஊர்ப் பெயரே கன்னடத்தில் புகைகிற கல் என்றுதான். பகல் மேப், ராத்திரி மேப் என்று ரெண்டு போடுகிறீர்கள். அதற்குப் பதில் தண்ணீர் குறைந்த மேப், தண்ணீர் ஏறிய மேப் என்று போட்டால் பாதிச் சண்டையில் மேப்பை மாற்றிவிட்டு ‘மேட்டூர் பக்கம் போகிற வெள்ளம் வந்தாச்சு’ என்று சொல்லலாம்.

பாரமகால் பேனா

சார், இதில் தப்பாக எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது. இரண்டு வருடமாக நான் கேட்டு வாங்கிய பின்னூட்டங்களை எல்லாம் சேர்த்தாலும் இந்த ஒன்றுக்கு ஈடாகாது. பெரும்பாலும் ‘சூப்பர்’, ‘அழகு’, நெருப்புப் பொம்மை, இவ்வளவுதான் வரும்.

கூர் மூக்கு பற்றி: வாங்கிய படத் தொகுப்பில் பரிசல் இல்லை. ஆற்றுப் படகை எடுத்துச் சுருக்கி வைத்தேன். சோம்பேறித்தனம். பிடிபட்டுவிட்டேன்.

ஓசூர் ஷிப்ட்

இரண்டாம் ஷிப்ட் முடித்து ராத்திரி பன்னிரண்டுக்கு மேல் ஆன்லைனில் ஆடுகிற கூட்டம் நாங்கள். கோட்டையை ஏன் ஆடவில்லை என்று நான் பதில் போடவில்லை, போடாத 49 பேரில் ஒருவன். காரணத்தை இங்கே சொல்கிறேன்.

திறக்கவில்லை. அவ்வளவுதான்.

கட்டத்துக்கு 140 பிக்சல் வைத்திருக்கிறீர்கள். 60க்கு 80 என்றால் 8400க்கு 11200. ஒன்பது கோடியே நாற்பது லட்சம் பிக்சல். படக் கோப்பு சுருங்கி இருக்கலாம். ஆனால் திரையில் விரியும்போது பிக்சலுக்கு 4 பைட் என்று 376 மெகாபைட் வேண்டும். எங்களில் இரண்டு பேர் போனில்தான் சேருகிறார்கள். பல பழைய போன்களின் கிராபிக்ஸ் சிப் ஒரு பக்கத்துக்கு 4096 பிக்சலுக்கு மேல் தாங்காது. ஒருத்தனுக்குக் கறுப்பாக வந்தது, இன்னொருத்தனுக்கு ஆப்பே மூடிக்கொண்டது. மணி பன்னிரண்டரை, மறுநாள் வேலை. நான் சத்திரத்தை எடுத்துப் போட்டேன்.

இப்போது சத்திரத்தைக் கணக்குப் போடுங்கள். 22க்கு 28, கட்டத்துக்கு 140. 3080க்கு 3920. எல்லைக்குள் கச்சிதமாக அடங்குகிறது. உங்களுக்கே தெரியாமல் அடங்கியிருக்கிறது.

ஆன்லைனில் மேப் போட்டு ஆடும் தளங்களில், ஃபவுண்ட்ரியில் கட்டத்துக்கு 100 பிக்சல்தான் வழக்கமான அமைப்பு, ரோல்20இல் 70. அதனால் 70இல் ஒரு பொடிப் பிரதியும் வையுங்கள். சுவர், கதவு, விளக்கு விவரம் உள்ள கோப்பையும் சேர்த்துக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும். ஒவ்வொரு மேப்புக்கும் நான் உட்கார்ந்து சுவர் கோடு இழுக்கிறேன்.

கேள்விப் படிவம் பற்றியும் ஒரு வார்த்தை. போன வருடம் இருபது கேள்வி வைத்தீர்களே, ‘ஒன்று முதல் ஐந்து வரை மதிப்பிடுக’ என்று? ஏழாவது கேள்வியில் தூங்கிவிட்டேன். ஒரே கேள்வி கேளுங்கள், வாய்ஸ் மெசேஜில் சொல்லலாம் என்று சொல்லுங்கள். பஸ்ஸில் வரும்போது சொல்லிவிடுவேன்.

கிளிமூக்கு மாங்கா | பழையபேட்டை

பாருங்கள், ஒரே கோட்டைக்கு மூன்று காரணம். எனக்கு நீளம், ஓசூர்க்காரருக்கு பிக்சல், அக்காவுக்குப் பாசம். வாக்கெடுப்பில் மூன்றுமே ஒரே ஓட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

நெடுமான் | அதியமான்கோட்டை

பரிசல்காரர் எழுதியதைப் படித்த பிறகு என் வாதத்தில் பாதியை வாபஸ் வாங்குகிறேன். பாதிதான்.

ஓஹையோக்காரனுக்குப் பரிசல் தெரியாது. ஆனால் ‘திசை சொல்ல முடியாமல் சுற்றும் வட்டப் படகில் சண்டை’ என்று சொன்னால் உடனே எடுப்பான். அப்படியானால் மேப்பின் பெயரில் இடம் இருக்கக் கூடாது, வேலை இருக்க வேண்டும். உங்கள் வாக்கெடுப்பின் தேர்வுகள் எல்லாமே இடம்தான்: கோட்டை, அருவி, சத்திரம், மேடு. அங்கே என்ன நடக்கும் என்று ஒன்றிலும் இல்லை.

கோட்டைக்கே வருகிறேன், அது பாவம். 1791இல் ஆங்கிலேயப் படை கிருஷ்ணகிரியில் பேட்டையையும் கீழ்க்கோட்டையையும் பிடித்துவிட்டது. மேல்கோட்டையைப் பிடிக்க முடியவில்லை. மேலே இருந்தவர்கள் பெரிய பெரிய கற்களை உருட்டிவிட்டார்கள், ஏணியோடு ஏறிய ஆட்கள் நசுங்கினார்கள். 1792 ஒப்பந்தத்தில் திப்பு பாரமகாலை விட்டுக்கொடுத்த பிறகுதான் ஊர் கைமாறியது. இதில் மேப் எங்கே இருக்கிறது? முழுக் கோட்டையில் இல்லை. கீழ்வாசலுக்கும் மேல்வாசலுக்கும் நடுவில் இருக்கும் அந்தச் சரிவில் இருக்கிறது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம், மேலேயிருந்து கல் வருகிறது. 20க்கு 28 கட்டம் போதும்.

வரலாற்றுக்காக நீங்கள் மூன்று வாரம் மதிலைச் சுற்றியிருக்கிறீர்கள். அந்த வரலாறு ஒரு சரிவில் நடந்திருக்கிறது.

பாரமகால் பேனா

நெடுமான், உங்களிடம் வாங்கிய திட்டிலேயே இதுதான் உருப்படி.

நடுகல்லையும் அப்படிப் பார்த்தால் விளங்குகிறது. மூன்று நாலு அடி உயரக் கல், வரிசையாக நிற்கிறது. குனிந்தால் ஒளியலாம். பாதி மறைவு, தற்காப்புக்கு 2 கூடும். வெளிநாட்டுக்காரருக்கு அது போதும். மாடு மீட்கப் போய் விழுந்தவனுக்கு ஊர் வைத்த கல் என்பதை இரண்டு வரியில் குறிப்பாக எழுதிவிடலாம், விரும்பினால் படிப்பார்கள். தருமபுரி அருங்காட்சியகத்தில் வரிசையாக வைத்திருக்கிறார்களே, அங்கே போய் உயரத்தை அளந்துவிட்டு வந்து வரைகிறேன். இந்தத் தடவை குத்துமதிப்பாக வேண்டாம்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

அளப்பது இருக்கட்டும் தம்பி. யாராவது ஆடும்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறீர்களா? நீங்கள் நடத்தாமல், வாயைத் திறக்காமல்?

பாரமகால் பேனா

இல்லை அக்கா.

கிளிமூக்கு மாங்கா | பழையபேட்டை

ஞாயிறு சாயங்காலம் வாங்க. ஒரு நிபந்தனை, பேசக் கூடாது. மீறினால் பஜ்ஜி செலவு உங்களுடையது.

பாரமகால் பேனா

பத்து நாள் கழித்து வருகிறேன். பஜ்ஜி செலவு என்னுடையதுதான், எதற்கு என்று சொல்கிறேன்.

மாங்காவின் மாடியில் சத்திர மேப்பை விரித்தார்கள். ஏ3 தாள் நாலு, நடுவில் டேப், ஒரு மூலையில் டம்ளர் வைத்த வட்டக் கறை. மூன்றாவது தடவையின் கறையாம். வீரர்களுக்குப் பொம்மை இருந்தது. கொள்ளைக்காரர்களுக்குப் புளியங்கொட்டை. அடிபட்ட கொட்டையைக் கவிழ்த்து வைப்பதற்கு வசதியாக ஒரு பக்கத்தைத் தரையில் உரசி வெள்ளையாக்கியிருந்தார்கள், தாயம் ஆடுவதற்குச் செய்வோமே, அப்படி.

நான் சுவரோரமாக உட்கார்ந்தேன். முதல் இருபது நிமிஷம் பெருமையாக இருந்தது. அப்புறம் ஒரு தம்பி சத்திரத்தின் பின்பக்கம் வந்து நின்று, மேப்பில் விரலை வைத்து, ‘இந்தக் கால் வட்டம் என்ன, பொறியா?’ என்று கேட்டான். மாங்கா குனிந்து பார்த்துவிட்டு, ‘ஏதோ மந்திரக் கோடு மாதிரி இருக்கு, ஜாக்கிரதை’ என்றார். நாலு பேரும் அந்தப் பக்கமே போகவில்லை. முன்வாசலில் முட்டி மோதி இரண்டு பேர் விழுந்தார்கள்.

அது கதவுங்க. வீட்டு பிளானில் கதவு திறக்கும் வீச்சைக் காட்டக் கால் வட்டம் போடுவோம். பகல் வேலையின் கை ராத்திரியும் அதையே போட்டிருக்கிறது. எனக்கு அது எழுத்து மாதிரி, யோசிக்காமல் வரும். பின்கதவு வைத்ததே தப்பித்து ஓடத்தான். இரண்டு வருடமாக என் எல்லா மேப்பிலும் இந்தக் கால் வட்டம் இருக்கிறது. ஒருவர்கூடச் சொன்னதில்லை. அவரவர் மேசையில் அவரவர் ஒரு பொருள் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்கள். ‘அட கதவுப்பா அது!’ என்று கத்திவிட்டேன். பஜ்ஜி நாலு பிளேட்.

இன்னும் இரண்டு பார்த்தேன். ஜெராக்ஸில் கறுப்பு வெள்ளையாக எடுத்ததால் புதரும் கருங்கல் தரையும் ஒரே சாம்பல். கட்டக் கோடு தரையில் கரைந்துபோய் ஆளாளுக்கு எண்ணிக்கை வேறு. படிக்கட்டு அடையாளம் ஒரே கட்டத்தில் இருப்பதால் அதன் மேல் பொம்மை நின்றதும் படிக்கட்டு இருப்பதே எல்லோருக்கும் மறந்துபோனது. எந்தப் படிவத்தில் இதையெல்லாம் கேட்டிருப்பேன்?

பகடை உருட்டி

மந்திரக் கோடு 😂 அண்ணா எங்கள் மேசையில் அது மூன்று மாதமாகச் சிலந்தி வலை. ரெண்டு பேர் தீப்பந்தம் வைத்து எரித்தார்கள்.

ஓசூர் ஷிப்ட்

எங்களுக்கு அது மிதிபொறி. நான் சேதம்கூடக் கொடுத்திருக்கிறேன். பாவம் அந்த மந்திரவாதி.

பாரமகால் பேனா

சரி, இதுவரை செய்ததைச் சொல்லிவிடுகிறேன்.

63 பேருக்கும் யூபிஐக்காரர்கள் 12 பேருக்கும் ஒரே கேள்வி போயிருக்கிறது: ‘கடைசியாக ஆடியபோது மேப் இல்லாமல் அல்லது மேப் சரியில்லாமல் சிக்கிய ஓர் இடத்தைச் சொல்லுங்கள். குரலில் சொன்னாலும் சரி.’ மதிப்பெண் கேட்கவில்லை, தேர்வு வைக்கவில்லை. கூடவே போனிலா, கணினியிலா, அச்சிலா என்று ஒரு சொல் மட்டும் கேட்டேன்.

நாலு நாளில் 31 பதில். வாக்கெடுப்புக்கு 19தான் வந்தது. எல்லாவற்றையும் நோட்டில் எழுதி, இடத்தின் பெயரை அடித்துவிட்டு, நடந்ததை மட்டும் வைத்தேன். ‘விடுதியில்’, ‘கப்பலில்’, ‘கோபுரத்தில்’ எல்லாம் போய்விட்டது. மிஞ்சியதில் ஒன்பது பேர் வேறு வேறு வார்த்தையில் ஒரே விஷயத்தைச் சொல்லியிருந்தார்கள்: வண்டியோடு போகிறோம், வழிமறிக்கிறார்கள், வண்டியை விட்டுவிட்டு ஓடவும் முடியவில்லை, திருப்பவும் முடியவில்லை. ஒருவர்கூட வாக்கெடுப்பில் சாலை கேட்டிருக்க மாட்டார். சாலைக்கு யார் ஓட்டுப் போடுவார்கள்?

வண்டி திரும்ப முடியாத வளைவு, ஒரு பக்கம் பள்ளம், ஒரு பக்கம் மலை. இதற்கு நான் எந்தப் புத்தகத்தையும் புரட்ட வேண்டியதில்லை, அக்காவின் பெயரிலேயே இருக்கிறது. தொப்பூர்க் கணவாய், நாற்கரச் சாலைக்கு முந்தின மாதிரி, மாட்டுவண்டித் தடமாக. 20க்கு 28. கட்டத்துக்கு 140இல் ஒன்று, 70இல் ஒன்று, ஜெராக்ஸுக்குக் கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படம் ஒன்று. மழைக்காலமா வெயில்காலமா என்பதற்கு மட்டும் வாக்கெடுப்பு, நாளை காலை வைக்கிறேன்.

கோட்டையைத் துண்டு போடுகிற வேலையும் தொடங்கியாச்சு. சரிவு முதலில்.

தொப்பூர் கணவாய் | தருமபுரி

என் பெயரில் மேப் வந்தால் நான் நாலாவது ரகமாகிவிடுவேன் தம்பி. மழைக்கே என் ஓட்டு.

பரிசல் சுற்றி | பென்னாகரம்

மாட்டுவண்டி எத்தனை கட்டம் போட்டிருக்கிறீர்கள்? மாட்டையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

பாரமகால் பேனா

இரண்டுக்கு இரண்டு போட்டிருந்தேன் சார். மாட்டைக் கணக்கில் எடுக்கவில்லை. நாளைக்குச் சந்தைப் பக்கம் டேப்போடு போகிறேன்.